இடமிருந்தால் மட்டும்

பிப்ரவரி 4

விற்கப் போகிறார்கள். ஆறு வருடமாக வதந்தியாக இருந்தது இன்று எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. மும்பைக் குழுமம் ஒன்றும் அதன் வெளிநாட்டுப் பங்காளியும் சேர்ந்து எங்கள் விமான நிறுவனத்தை வாங்கக் கேட்டிருக்கின்றன. அரசு கொள்கை அளவில் சம்மதித்துவிட்டதாம்.

அப்பா செய்தியைப் படித்துவிட்டு நாளிதழை நான்காக மடித்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தார். "போன வருஷமும் இப்டித்தான் போட்டான்" என்றார். பிறகு குளிக்கப் போய் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

அப்பா இந்த நிறுவனத்தின் இருக்கைப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். விமானத்திலிருந்து கழற்றி வரும் இருக்கைகளுக்கு உறை மாற்றுவது, சாயாத முதுகைச் சாய வைப்பது, வார்ப்பட்டை தைப்பது. நான் மீனம்பாக்கத்தில் அதே நிறுவனத்தில் லோட் கன்ட்ரோல். ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை பேர், எவ்வளவு பெட்டி, எவ்வளவு எரிபொருள் என்று கூட்டி, எடை எங்கே விழுகிறது என்று பார்த்து, விமானியிடம் தாளில் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஆக, இந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக விமானச் சோறு. ஆனால் அம்மா இன்றுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை.

நான் படித்த நாவல்களில் நிலம் விற்பார்கள், வீடு விற்பார்கள், ஒன்றிரண்டில் பெண்ணையும் விற்பார்கள். நிறுவனம் விற்கப்படும்போது அதில் வேலை செய்கிறவர்கள் என்ன உணர வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் போர்ட் பிளேரிலிருந்து பெரியம்மாவின் போன். அம்மாவின் ஒரே அக்கா. கல்யாணமாகி அந்தமான் போனவர், பெரியப்பா இறந்த பிறகும் அங்கேயே தனியாக இருக்கிறார். அக்காவும் தங்கையும் பார்த்துப் பத்தொன்பது வருடம். அம்மா எப்போதும் போனை ஸ்பீக்கரில்தான் போடுவாள், அதனால் எல்லோரும் கேட்டோம்.

"கண்ணு மங்கிக்கிட்டே வருதுட்டி. நரம்பு போகுதாம். இடது பக்கம் சுத்தமா இல்ல. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிரு."

அம்மா, "வாரேன்க்கா, வாரேன்க்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பலில் போக அவளால் முடியாது. ஒருமுறை ராமேஸ்வரத்தில் அரை மணி நேரப் படகிலேயே மூன்று தடவை வாந்தி எடுத்தவள்.

போனை வைத்ததும் அப்பா எழுந்து அலமாரியில் தன் பழைய அடையாள அட்டையைத் தேட ஆரம்பித்தார். "பாஸ் இருக்கில்ல. பதினேழாந்தேதி போலாம்."

பாஸ் என்றால் ஊழியர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் தரும் இலவசப் பயணம். அதில் ஒரு நிபந்தனை உண்டு: இடமிருந்தால் மட்டும். காசு கொடுத்த கடைசிப் பயணி ஏறிய பிறகு இருக்கை மிச்சமிருந்தால் நமக்கு. இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. விமானக் கம்பெனிக்காரர்கள் உலகம் சுற்றுகிறவர்கள் என்று நினைக்கிறார்கள். பாஸ் இருக்கிறதே என்று டிக்கெட் வாங்காமல், டிக்கெட் வாங்காததால் எங்கும் போகாமல் இருப்பவர்களே எங்களில் அதிகம்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் துபாயிலிருந்து இவர்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டு அனுப்பினான். அப்பா மறுநாளே அலுவலகத்துக்கு நடந்து போய் ரத்து செய்துவிட்டு வந்தார். "முப்பத்தொரு வருஷம் அந்த சீட்டத் தச்சவன் நான். அதுல உக்கார காசு குடுக்கணுமா?" என்று கேட்டார். அண்ணன் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

பிப்ரவரி 17

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலை விமானத்தில் பதினொரு இருக்கை காலி. காத்திருப்போர் பட்டியலில் அப்பா, அம்மாவோடு சேர்த்து ஆறு பேர். எல்லோரையும் ஏற்றிவிடலாம் என்றிருந்தேன். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கையில் வானிலை அறிக்கை வந்தது. தீவில் மழை, இறங்க முடியாவிட்டால் திரும்பி வர வேண்டும், கூடுதல் எரிபொருள் போடச் சொல்லிவிட்டார் விமானி. எரிபொருள் ஏறினால் வேறு எதையாவது இறக்க வேண்டும். முதலில் சரக்கு. அது போதவில்லை. அடுத்து, இலவசப் பயணிகள்.

ஆறு பேரையும் நீக்கித் தாளில் என் கையெழுத்தைப் போட்டேன்.

மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முதலூர் மஸ்கோத் அல்வா, அரிசி முறுக்கு, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு.

"அந்தமானுக்கே கருவாடா? கடல் நடுவுல இருக்கற ஊருக்கு?" என்றேன்.

"நம்ம ஊரு நெத்திலி அங்க வருமாட்டி? போ." பிறகு கொஞ்சம் கழித்து, "சீட்டு காலியாத்தான் இருந்துச்சாமே?"

"இருந்துச்சும்மா. வெயிட்டுதான் பிரச்சனை."

"நான் அவ்வளவு வெயிட்டாவா இருக்கேன்?"

அப்பா சிரித்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "மழைக்கு எண்ணெய் போட்டாகணும். இவ என்னா பண்ணுவா? சரியாத்தான் பண்ணிக்கிறா" என்று அம்மாவிடம் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 18

அலுவலகத்தில் இஸ்மாயில் டீ வாங்கி வந்தான். பயணிகள் கவுண்டரில் வேலை பார்ப்பவன், நேற்று அப்பாவிடம் இடமில்லை என்று சொல்ல வேண்டியிருந்ததும் அவன்தான். டீயில் சர்க்கரை இல்லை. தவக்காலத்துக்காக நான் முன்கூட்டியே சர்க்கரையை விட்டது இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"உங்க அப்பா என்னைய சமாதானப்படுத்திட்டுப் போனாரு மேடம்," என்றான். "'தம்பி, நீ ஃபீல் பண்ணாத'ங்கிறாரு. நான்தான அவர திருப்பி அனுப்பறேன்!"

பிப்ரவரி 26

சுற்றறிக்கை வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதி புது நிர்வாகத்திடம் ஒப்படைப்பு. பணியில் இருப்போர் ஓராண்டு வரை தொடரலாம். ஓய்வு பெற்றோரின் இலவசப் பயணம் மார்ச் 31 வரை செல்லுபடியாகும், அதன் பிறகு 'புதிய நிர்வாகத்தின் பரிசீலனைக்கு உட்பட்டது'.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பரிசீலனைன்னா இல்லன்னு அர்த்தம்" என்றார், ஓர் அகராதியைப் போல.

மார்ச் 6

சுற்றறிக்கையை எல்லா ஊரிலும் எல்லோரும் படித்திருக்கிறார்கள். நாற்பது வருடம் பறக்காதவர்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பறக்கக் கிளம்பிவிட்டார்கள். கவுண்டர் அருகே ஊன்றுகோல்களும் ஸ்வெட்டர்களும் ஊறுகாய் ஜாடிகளுமாக ஒரு தனிக் கூட்டம். இஸ்மாயில் அதற்கு 'பென்ஷனர் முனையம்' என்று பெயர் வைத்திருக்கிறான். அவர்களுக்குள் பழைய கதைகள், பழைய பகைகள். யாரோ யாருக்கோ எண்பத்தெட்டில் பதவி உயர்வைக் கெடுத்ததாக இன்று ஒரு சண்டை.

மார்ச் 8

இரண்டாம் முறை. விமானம் நிரம்பிவிட்டது. திரும்பி வந்தார்கள்.

மார்ச் 13

மூன்றாம் முறை. அதே. அல்வாவை இந்த முறை நாங்களே தின்றோம்.

மார்ச் 15

அலுவலகத்தில் இரண்டு பேர் சூட் போட்டு வந்து ஒவ்வொரு மேசையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். வாங்குகிறவர்களின் ஆட்கள். என் மேசையருகே நின்று, "இதை இன்னும் கையாலும் போடுகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஒருவர். கணினி நின்றால் போட வேண்டும் என்றேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நல்ல மாதிரிதான் தெரிந்தார். நான் அவரை வெறுக்கத் தயாராக இருந்தேன், அவர் இடம் கொடுக்கவில்லை.

ஒரு விஷயம் உறுத்துகிறது. அம்மாவுக்காக நான் தினமும் காலி இருக்கைக்கு வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலி இருக்கைகளால்தானே நிறுவனம் இந்த நிலைக்கு வந்தது? முப்பத்தொரு வருடமாக இந்த வீட்டில் இரண்டு ஜெபம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனி நன்றாக இருக்கட்டும், விமானம் காலியாக இருக்கட்டும்.

மார்ச் 18

பெரியம்மா கூப்பிட்டார். இன்று காலை பால் பாத்திரத்தைக் கைதவறித் தட்டிவிட்டாராம்.  இரவு அம்மா சமைத்த எல்லாவற்றிலும் உப்பு அதிகம். அப்பா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறும் கேட்டு வாங்கினார்.

மார்ச் 20

மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணா சாலையில் உள்ள எங்கள் டிக்கெட் அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு தேனிலவு ஜோடி. நான் அப்பா, அம்மாவுக்கு வாங்கியது போவதற்கு மட்டும் இரண்டு, மார்ச் 28, போர்ட் பிளேர். பெயர் கேட்டார்கள், சொன்னேன்.

திரும்புவதற்குப் போடவில்லை. திரும்பி வர அப்பாவிடம் பாஸ் இருக்கிறது, இரண்டையும் நானே செய்துவிட்டால் சந்தேகப்படுவார். ஒருவேளை எனக்கு அத்தனை தூரம் யோசிக்கத் தோன்றவில்லை.

திட்டம் இதுதான். அப்பா வழக்கம்போல் பாஸில் பெயர் கொடுக்கட்டும். கவுண்டரில் இஸ்மாயில் இருப்பான். இவர்கள் வந்ததும், "இன்னைக்கு இடமிருக்கு அங்கிள்" என்று சொல்லி, வாங்கிய டிக்கெட்டுக்கான போர்டிங் அட்டையைக் கையில் கொடுத்துவிடுவான். அப்பா கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்தைப் படிக்க மாட்டார்.

இஸ்மாயிலிடம் சொன்னேன்.  "ஏன் நேரா சொல்லக் கூடாது?" என்றான்.

"சொன்னா கேன்சல் பண்ணிட்டு வந்துருவாரு."

"சரி. நான் பாத்துக்கறேன், ஜெனோவா."

மேடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நானும் தேடவில்லை.

மார்ச் 28

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விமானம் பத்து இருபதுக்கு. கவுண்டர் ஒன்பது இருபதுக்கு மூடும். அப்பாவும் அம்மாவும் ஏழரைக்கே வந்துவிட்டார்கள். நான் உள்ளே என் மேசையில். விமானம் கிளம்பும்வரை எழுந்து போக முடியாது. இன்றைக்கு விமானம் முழுக்க விற்றுவிட்டது, நான் வாங்கிய இரண்டையும் சேர்த்து.

எட்டு மணிக்கு இஸ்மாயிலின் போன். "உங்க அப்பா வர மாட்டேங்கறாரு."

"எங்க?"

"கவுண்டருக்கு. கார்டு ரெடி அங்கிள், வாங்கன்னு கூப்பிட்டேன். ஓரமா பென்ஷனர்ங்க பக்கத்துல உக்காந்துட்டாரு. 'பொண்ணு உள்ள இருக்கான்னு எனக்கு மொதல்ல குடுக்கறியா தம்பி? கடைசி பாசஞ்சர் ஏறட்டும், அப்புறம் வர்றேன்'ங்கறாரு."

 இதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்? காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் கவுண்டர் மூடும்முன் கிட்டேயே போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தது. முப்பத்தொரு வருடம் அதைச் சரியாகக் கடைப்பிடித்தவரை, இரண்டு நிமிடத்தில் மீறச் சொன்னால் மீறுவாரா?

எட்டே முக்காலுக்கு மறுபடி கூப்பிட்டான். "மைக்குலயே சொல்லிட்டேன். பயணிகள் சவரிமுத்து, ஃபிலோமினா உடனே கவுண்டருக்கு வரவும்னு. அம்மா திரும்பிப் பாத்தாங்க. அப்பா அசையல."

"உண்மையச் சொல்லிருங்க."

"சொல்லட்டுமா? எல்லா பென்ஷனருக்கும் நடுவுலயா?"

அப்பாவின் முகம் எனக்குத் தெரிந்தது. அவருடைய பழைய சகாக்கள் பன்னிரண்டு பேர் அங்கே. நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். அதற்குள் அவன் முன்னால் வரிசை கூடிவிட்டது.

ஒன்பது இருபது. கவுண்டர் மூடியது. என் திரையில் வராத பயணிகள் இரண்டு.

போன் அடித்தது. "வராத ரெண்டு பேரு யாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"லிஸ்ட்ல காத்திருக்கறவங்க யாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ரெண்டு சீட்டு இருக்கு. ஆனா அப்பாவுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காரு. ஹைதராபாத் ஆபீஸ், சர்வீஸ்ல இருக்கறவரு, ஃபேமிலியோட. என்ன பண்ணட்டும்?"

என் காசில் வாங்கிய இருக்கைகள். அம்மா அறுபது அடி தூரத்தில், மடியில் பையோடு. பணியில் இருப்பவர் முதலில், ஓய்வு பெற்றவர் பிறகு. பட்டியலை யாரும் தணிக்கை செய்யப் போவதில்லை. இந்த நிறுவனமே இன்னும் நான்கு நாள்தான். பெயரை மேலே தூக்கிவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வரிசைப்படி," என்றேன்.

 அவன் போனைத் துண்டிக்காமல் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டான் போலும். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹைதராபாத்காரரின் குரல், ஒரு குழந்தை அழுவது, தெலுங்கில் ஏதோ விவாதம். நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும், இரண்டு அத்தியாயம் போல இருந்தது.

பிறகு இஸ்மாயில் யாரிடமோ சொன்னது கேட்டது: "நாலு பேரும் சேந்துதான் போவீங்களா சார்? ரெண்டு மட்டும் வேணாமா? நிச்சயமா வேணாமா?" அதற்கப்புறம், குரலை உயர்த்தி, "அங்கிள்! ஓடி வாங்க!"

விமானம் கிளம்பும்முன் வரும் மாறுதலைத் தாளின் ஓரத்தில் கையால் எழுத வேண்டும். எழுதினேன். குறைவு இரண்டு, கூடுதல் இரண்டு. மொத்த எடையில் மாற்றமில்லை. விமானி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து இருபத்தாறுக்கு மேலே போனது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். தூக்கக் குறைவுதான்.

மார்ச் 29

அம்மாவின் போன், ஸ்பீக்கரில்.

"ஏட்டி, அக்கா என்ன உத்து உத்துப் பாத்துட்டு, 'என்னட்டி இவ்வளவு குண்டாயிட்ட'ன்னு கேட்டா! கண்ணு தெரியலயாம், இது மட்டும் தெரியுது!" பின்னால் பெரியம்மா சிரிப்பது கேட்டது, அப்புறம் இருவரும் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பா என்று தெரியாத ஒன்று.

விமானத்தில் அம்மா கண்ணையே திறக்கவில்லையாம். செபமாலை சொன்னாளாம். "அந்த ரெண்டு பேரு வராம இருந்ததாலதான நமக்கு எடம் கெடச்சுது. டிக்கெட்டு எடுத்தும் வர முடியாம போச்சே, என்ன கஷ்டமோ அவங்களுக்கு. அவங்களுக்காகத்தான் சொன்னேன்."

நன்றி என்றேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

மார்ச் 31

கேக் வெட்டினார்கள். பழைய கொடியை இறக்கி மடித்தார்கள். சிலர் அழுதார்கள். எனக்கு மூன்று விமானம் இருந்ததால் நேரமில்லை.

ஒன்று மட்டும் உறைத்தது. இன்றோடு பாஸ் முடிகிறது. தீவிலிருந்து வரும் விமானங்கள் மூன்று நாளாக முழுக்க நிரம்பியிருக்கின்றன. அப்பா முயன்று பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. திரும்பும் டிக்கெட்டையும் அன்றே போட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 3

காலையில் அப்பாவே கூப்பிட்டார். அவராக எனக்குப் போன் செய்வது வருடத்துக்கு இரண்டு தடவை, கிறிஸ்துமசுக்கும் என் பிறந்தநாளுக்கும்.

"புது முதலாளி எப்டி?"

"அதே டீதாம்பா."

"ம்." கொஞ்ச நேரம் கடல் சத்தம் கேட்டது, அல்லது போனின் இரைச்சல். "ஜெனோ, டிக்கெட்டு போடும்மா. எட்டாந்தேதிக்கு. மூணு."

"மூணா?"

"அக்காவையும் கூட்டினு வர்றோம். எழும்பூர் கண்ணாஸ்பத்திரில காட்டணும். இங்க இருக்கற டாக்டரு ஒரு கண்ணக் காப்பாத்தலாம்னு சொல்றாரு. உங்கம்மா நாலு நாளா சொல்லிச் சொல்லி இன்னைக்குத்தான் ஒத்துக்குனாங்க." தொண்டையைச் செருமினார். "எடமிருந்தா பாக்கலாம்னு அவங்களக் கொண்டாந்து ஏர்போர்ட்ல நிக்க வெக்க முடியாதில்ல?"

"முடியாதுப்பா. இப்பவே போடறேன்."

"காசு என் பென்ஷன்லருந்து எடுத்துக்க. அண்ணன்கிட்ட கேக்காத." பிறகு, போனை வைக்கப் போகிறவர் போல நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு மைக்குல கூப்பிட்டது எங்களத்தான்னு மேல போனப்புறம்தான் புரிஞ்சுது. பாஸ்காரன மைக்குல கூப்பிட மாட்டானேன்னு கீழ உக்காந்துனு இருந்துட்டேன். ரெண்டு மணி நேரம் அதையே நெனச்சினு வந்தேன்."

அவரை நான் சரியாகப் படிக்கவில்லை. இத்தனை புத்தகம் படித்து என்ன பயன்?

"இந்தத் தடவையாவது எங்கிட்ட சொல்லிட்டுப் போடு" என்றார் அப்பா. "கவுண்டருக்கு மொத ஆளா போய் நிக்கறேன்."

பின்னால் அம்மாவின் குரல்: "யாரு, என்னத்த மேல போனப்புறம் புரிஞ்சுது?" அப்பா அவளுக்கு விளக்குவது கேட்டது.  பிறகு அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏட்டி ஜெனோ! அப்ப அம்பத்திமூணு மணி செபமாலையும் எனக்கேவா சொல்லிக்கிட்டேன்?"